பொறி ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "கனடாவில் மரம் வெட்டும் எல்லைக்கு ரிப்பன் கட்டப் போனால், ஏதாவது ஒரு மரத்தில் யாரோ ஒரு பொறிக்காரரின் பெட்டி தொங்கும்." பொறிக்காரர் என்றால் தோலுக்காகக் காட்டில் பொறி வைத்து விலங்கு பிடிப்பவர், அந்தப் பொறியை வைக்கும் பெட்டிதான் அது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விவரம். நான் மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவன். 1997 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மர நிறுவனங்களுக்காக வெட்டு எல்லை குறிக்கும் வேலை பார்த்தேன். ஆகவே என்னை நடுநிலை ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வெட்டுகிற பக்கம் சம்பளம் வாங்கியவன்.

கேள்வி: என் மருமகன் பிரின்ஸ் ஜார்ஜ் பக்கம் ஒரு பெரியவரிடமிருந்து 'டிராப்லைன்' வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் பொறி வைத்துத் தோலுக்காக விலங்கு பிடிக்கும் இடமாம். இப்போது அங்கே மரம் வெட்டப் போவதாக ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இடத்தில் அடுத்தவர் எப்படி மரம் வெட்டலாம்? வழக்குப் போடலாமா? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: மருமகன் வாங்கியது இடம் இல்லை அம்மா, ஓர் உரிமை. அதுவும் ஒரே ஓர் உரிமை. நம் ஊரில் கண்மாய் மீன் குத்தகை எடுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரருக்கு மீன் மட்டும்தான். தண்ணீர் அவருடையது இல்லை, கரையில் நிற்கும் கருவேலமரமும் அவருடையது இல்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மடையைத் திறந்துவிட்டால், சேற்றில் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 94 சதவீத நிலம் மாகாண அரசுக்குச் சொந்தம். அதன்மேல் அரசு அடுக்கடுக்காக உரிமைகளைக் கொடுத்து வைத்திருக்கிறது. மரம் ஒரு நிறுவனத்துக்கு, மேய்ச்சல் ஒரு பண்ணைக்கு, பூமிக்குள் இருக்கும் தாது இன்னொருவருக்கு, பொறி வைக்கும் உரிமை உங்கள் மருமகனுக்கு. இந்தப் பொறித்தடப் (டிராப்லைன்) பதிவு முறை 1926-இல் வந்தது. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பொறி வைத்தார்கள், ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற பிராணி அருகிப்போனது. ஓர் இடத்துக்கு ஓர் ஆள் என்று ஆக்கினால் அவர் அடுத்த வருஷத்துக்கும் மிச்சம் வைப்பார் என்பது அரசின் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் விலங்கை ஒருவர் பொறுப்பில் விட்டவர்கள், அது குடியிருக்கும் மரத்தை அவர் பொறுப்பில் விடவில்லை. இத்தனை வருஷச் சண்டையும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தனி ஆளாக வழக்குப் போட்டு வெட்டை நிறுத்துவது என் அனுபவத்தில் நடக்காத காரியம். கடிதத்தில் ஒரு தேதி போட்டிருப்பார்கள், அதற்குள் மருமகன் பதில் அனுப்பட்டும். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட ஒரு வரைபடம் அனுப்புவது மேல். குடில் எங்கே, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி போகும் தடம் எங்கே, பெட்டிகள் எந்தெந்த மரத்தில், பொந்துள்ள பெரிய மரங்கள் எங்கே என்று குறித்து அனுப்பட்டும். முடிந்தால் எல்லை குறிக்கிற ஆட்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்பே நேரில் போய்ப் பார்க்கட்டும். ரிப்பன் கட்டி, ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, லாரிப் பாதையும் வரைந்துவிட்டால் அப்புறம் எதை மாற்றினாலும் நிறுவனத்துக்குச் செலவு. செலவு என்றால் முடியாது என்றுதான் சொல்வார்கள்.

அவர் கேட்க வேண்டியது என்ன? மாகாண விதிப்படி ஓர் ஆண்டில் வெட்டும் பரப்பில் குறைந்தது 7 சதவீத அளவுக்கு மரங்களை விலங்குகளுக்காக விட்டுவைக்க வேண்டும். எங்கே விடுவது என்பது நிறுவனத்தின் கையில். யாரும் எதுவும் கேட்காவிட்டால், எப்படியும் இயந்திரம் இறங்க முடியாத சதுப்பையும் பாறைச் சரிவையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவோம். எழுதியிருக்கிறேன், மறைப்பானேன். பொறிக்காரர் வந்து, "இந்த ஓடைக்கரை ஸ்ப்ரூஸ் மரக் கூட்டத்தை விட்டுவிடுங்கள், இதன் வழியாகத்தான் எல்லாம் நடமாடுகிறது" என்று விரல் வைத்துக் காட்டினால், அதே 7 சதவீதம் உருப்படியான இடத்தில் விழும். கிளைக்கழிவுக் குவியல்களில் சிலவற்றைக் கொளுத்தாமல் விடச் சொல்லட்டும். தன் தடத்தின் குறுக்கே கழிவைத் தள்ளி மூடக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். இவை காசில்லாமல் கிடைக்கக்கூடியவை. நஷ்டஈட்டை நம்பி உட்கார வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்கம் வெட்டினால் விலங்கு அடுத்த பக்கம் போய்விடாதா? கண்ணுக்கெட்டிய தூரம் காடுதானே அங்கே? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அடுத்த பக்கம் காலியாக இருந்தால் போகலாம் தம்பி. அங்கே ஏற்கெனவே ஒருத்தன் குடியிருக்கிறான்.

அந்தப் பகுதிப் பொறிக்காரர்களின் வருமானத்தில் பெரும்பங்கு மார்ட்டன் என்ற பிராணியிலிருந்து வருவது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி மார்ட்டன் உண்டல்லவா, அதன் சொந்தக்காரன். எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஒல்லி உடம்பு, கொழுப்பு கிடையாது. மைனஸ் 30 டிகிரியில் உயிர் பிழைக்க அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பனிக்கு அடியில், தரைக்கும் பனிக்கும் நடுவே, கொஞ்சம் வெதுவெதுப்பான இடைவெளி இருக்கும். எலிகள் ஓடித்திரிவது அங்கேதான். விழுந்து மக்கிய பெரிய மரங்கள் பனியைத் துளைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள்தான் அதற்குள் இறங்க வாசல். மார்ட்டன் அதன் வழியே இறங்கி எலி பிடித்துத் தின்றுவிட்டு, மக்கிய கட்டைக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும்.

முற்றாக வெட்டிய இடத்தில் இந்த வாசல் எதுவும் இல்லை, மேலே கூரையும் இல்லை. வெட்டவெளியைக் கடக்கவே மார்ட்டன் தயங்கும், ஆந்தையும் பருந்தும் காத்திருக்கும். தன் வட்டாரத்தில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குக் காடு போனாலே மார்ட்டன் அங்கே தங்காது என்பதுதான் வட அமெரிக்க ஆய்வுகள் பலவும் சொல்வது. பாதிக் காடு மிச்சம் இருக்கிறதே என்று வரைபடத்தைப் பார்த்து நாம் நினைப்போம். அதன் கணக்கில் வீடே போய்விட்டது.

ஃபிஷர் என்று அதன் பெரிய அண்ணன் ஒருத்தன் உண்டு. பெயர்தான் அப்படி, மீனுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. பெண் ஃபிஷர் குட்டி போடுவது உயரமான மரப்பொந்தில் மட்டும். உள்ளே மக்கிப் பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிர எத்தனை காலம் ஆகும்? மர நிறுவனத்தின் அடுத்த வெட்டு அதற்கு முன்பே வந்துவிடும். மாகாணத்தின் உட்பகுதியில் ஃபிஷர் அழியும் நிலைப் பட்டியலுக்குப் போய், 2021-இல் அதைப் பொறியில் பிடிப்பதையே அங்கே நிறுத்திவிட்டார்கள். பொந்துமரம் குறைந்தது யாரால்? தடை யாருக்கு? பொறிக்காரர்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் பதில் இருந்ததில்லை.

கேள்வி: இப்படி ஒரு மோதலில் நீங்களே சிக்கியதுண்டா? (நாகர்கோவில்)

பதில்: உண்டு.

அப்போது மலைப்பைன் வண்டு காட்டையே சிவப்பாக்கிக்கொண்டிருந்த காலம். மாகாணம் முழுவதும் சுமார் 1.8 கோடி ஹெக்டேரில் அந்த வண்டு பரவியது. செத்த பைன் மரம் வெடித்து வீணாவதற்குள் வெட்டி எடு என்று அரசே வெட்டும் அளவை ஏற்றிவிட்டது. எங்களுக்குக் கோடை முழுக்க ஓய்வில்லை. காலையில் இடுப்பில் நாலு சுருள் ரிப்பன், மாலையில் காலி. வாண்டர்ஹூஃப் ஊருக்குத் தெற்கே ஒரு பிளாக்கில், அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய ஒரு துண்டுக் காட்டில், எல்லை கட்டிக்கொண்டு போனபோது மரங்களில் சாய்த்துவைத்த கம்புகளும் அவற்றின் மேல் ஒட்டுப்பலகைப் பெட்டிகளும் கண்ணில் பட்டன. எண்ணினேன், ஒன்பது. மேலே தகரம் துருப்பிடித்திருந்தது, பலகை கறுத்துப்போய் இருந்தது. யாரோ விட்டுப்போனவை என்று முடிவு கட்டினேன். குறிப்பேட்டில் "பழைய பெட்டி, 9" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் யாரும் புரட்டவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜனவரியில் வெட்டு நடந்தது. மரத்தை இறுக்கிப் பிடித்து அடியோடு அறுத்து அடுக்கும் இயந்திரம், இருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடும். ஓட்டுநருக்குப் பெட்டியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அங்கே மார்ட்டன் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரிப் பாதி வரை. அதாவது பருவத்தின் நட்டநடுவில்.

ஒரு வாரம் கழித்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அலுவலகத்துக்குள் வந்தார். கையில் நசுங்கிய பெட்டி ஒன்று, உள்ளே வளைந்துபோன பொறி. அதை மேசைமேல் வைத்துவிட்டு, ரிப்பன் கட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "பெட்டியைப் பார்த்தாயா?" பார்த்தேன் என்றேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றார். பழையதாக இருந்தது, கைவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "புதுப் பலகையில் மனுஷ வாடை அடிக்கும். மார்ட்டன் கிட்டே வராது. நாலைந்து பனி தின்ற பெட்டிதான் நல்ல பெட்டி" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நிறுவனம் அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது உண்மை. அவர் காலி செய்துவிட்டுப் போன பழைய முகவரிக்கு. சட்டப்படி எங்கள் பக்கம் கோப்பு சுத்தமாக இருந்தது.

அடுத்த கோடையில் அவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் அவர் தடத்தில் கூடவே நடந்தேன். எதற்காக எந்த மரம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டது, நாலு வருஷப் படிப்பில் எனக்குக் கிடைக்காதது. இன்னொன்றும் தெரிந்தது. இளவயதில் அவரும் ரம்பம் பிடித்து மரம் வெட்டியவர்தான். அவருடைய மகன் அப்போதும் மர லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்க ஊர்களில் இது சகஜம். ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சியும் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அங்குள்ள பூர்வகுடி மக்கள் தங்கள் பொறித்தடங்களுக்காக நீதிமன்றம் வரை போனதாகப் படித்தேன். வென்றார்களா? (யாழ்ப்பாணம்)

பதில்: ஒரே கோடையில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி.

வெற்றியை முதலில் சொல்கிறேன். என் மாகாணத்தில் நெமையா பள்ளத்தாக்கில் சில்கோட்டின் மக்கள். அவர்கள் காட்டில் மரம் வெட்ட 1983-இல் அரசு ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அவர்கள் 1989-இல் போட்ட முதல் வழக்கு பொறித்தடத்தைக் காப்பாற்றத்தான். அது வளர்ந்து வளர்ந்து, "பொறி மட்டுமில்லை, இந்த மண்ணே எங்களுடையது" என்ற வழக்காக மாறியது. விசாரணை மட்டும் 339 நாள் நடந்தது. 2014 ஜூன் 26 அன்று கனடா உச்ச நீதிமன்றம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுடையதே என்று தீர்ப்பளித்தது. பூர்வகுடி மக்களுக்கு நில உரிமை உண்டு என்று ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி அந்த நாட்டு நீதிமன்றம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து, ஜூலை 11 அன்று, அதே நீதிமன்றத்தில் ஒன்டாரியோ மாகாணத்தின் கிராஸி நாரோஸ் பொறிக்காரர்கள் தோற்றார்கள். அவர்கள் கதை எனக்கு இன்னும் கனமானது. 1962 முதல் 1970 வரை ஒரு காகித ஆலை அவர்கள் ஆற்றில் பாதரசத்தைக் கொட்டியது. மீன் விஷமானது, மீன்பிடித் தொழில் போனது. மிஞ்சியது காடும் பொறியும். அப்புறம் காட்டையும் வெட்ட வந்தார்கள். 2002 டிசம்பரில் ஊர் இளைஞர்கள் மரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டு லாரிகளை மறித்தார்கள். பெரியவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய முன்னோர் 1873-இல் கனடா அரசோடு போட்ட ஒப்பந்தத்தின்படி அந்தக் காட்டை வெட்டுக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் மாகாணத்துக்கு உண்டா, மத்திய அரசுக்கு மட்டுமா என்பது கேள்வி. 2011-இல் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் மாகாணத்துக்கு உண்டு என்றே முடிந்தது. ஆனால் அந்தக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்த பெருநிறுவனம் 2008-இலேயே விலகிப் போயிருந்தது. தீர்ப்பு சாதிக்காததைச் சாலையில் கிடந்த மரம் சாதித்துவிட்டது.

என்னைக் கேட்டால், இந்த இரண்டையும்விட நடைமுறைக்குப் பக்கத்தில் வந்தது கியூபெக்கின் வடக்கே க்ரீ மக்கள் 2002 பிப்ரவரியில் அரசோடு போட்ட ஒப்பந்தம். 'வீரர்களின் அமைதி' என்று அதற்குப் பெயர். க்ரீ மக்களிடையே ஒவ்வொரு பொறித்தடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆங்கிலத்தில் அவரை அழைக்கும் சொல்லுக்கு நேர் தமிழ், கணக்குப்பிள்ளை. 1930-களில் பீவர் ஏறக்குறைய அற்றுப்போய், காப்பிடங்கள் ஏற்படுத்தியபோது, ஒவ்வொரு தடத்திலும் எத்தனை பீவர் வீடு இருக்கிறது என்று எண்ணி வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. அப்படி வந்த பெயர். (கணக்குப்பிள்ளை என்றதும் உங்களில் சிலருக்குத் தேயிலைத் தோட்டம் ஞாபகம் வரும். இவர் அந்த ரகம் இல்லை. காட்டில் எல்லோருக்கும் மூத்தவர்.)

அந்த ஒப்பந்தம் வருவதற்கு முன்பு மர நிறுவனத்தின் வரைபடம் தனி, கணக்குப்பிள்ளையின் வரைபடம் தனி. ஒப்பந்தம் வந்தபின் பொறித்தடத்தின் எல்லையே வெட்டுத் திட்டத்துக்கும் அளவானது. ஒவ்வொரு தடத்திலும் ஒரு சதவீதம் வரை, அதாவது முகாம், கல்லறை, கரடிக்குகை போன்ற இடங்களை, கணக்குப்பிள்ளை சம்மதமில்லாமல் தொடக் கூடாது. காட்டில் 25 சதவீதம் விலங்குகளின் வாழிடமாகத் தனிக் கவனத்தோடு நடத்தப்பட வேண்டும். ஒரு தடத்தில் கடந்த 20 ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டியிருந்தால் அங்கே மேற்கொண்டு வெட்டு இல்லை. எல்லாம் நினைத்தபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் அந்த 40 சதவீதக் கோடு முக்கியம். உடுமலை அம்மாவின் மருமகனுக்கு வந்த கடிதம் ஒரே ஒரு பிளாக்கைப் பற்றித்தான் பேசும். நான் பார்த்த அத்தனை கடிதமும் அப்படித்தான். இந்த வருஷம் ஒரு பிளாக், அடுத்த வருஷம் ஒரு பிளாக், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. பொறிக்காரர் நடப்பதோ முழுத் தடத்திலும்.

எங்கள் மாகாணத்திலும் இது கடைசியில் நீதிமன்றத்தில் எடுபட்டது. புளூபெரி ரிவர் பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 29 அன்று வந்த தீர்ப்பு, தனித்தனியாக அனுமதித்த வெட்டும் எண்ணெய்க் கிணறும் சாலையும் ஒன்றாகச் சேர்ந்து, அரசோடு போட்ட பழைய ஒப்பந்தம் அவர்களுக்குத் தந்த உரிமையையே தின்றுவிட்டன என்றது.

கேள்வி: தோலுக்காக விலங்கைக் கொல்கிறவருக்கு இவ்வளவு பரிதாபமா? (சென்னை)

பதில்: நான் சைவம். பொறியில் மாட்டிய மார்ட்டனைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழுத்தில் அடித்து உடனே கொல்லும் பொறியை ஃபிராங்க் கோனிபேர் என்ற கனடியப் பொறிக்காரரே வடிவமைத்தார், பொறிகளுக்கு இப்போது சர்வதேசத் தரவிதிகளும் இருக்கின்றன. அதெல்லாம் தெரிந்தும் இறங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எனக்கும் உண்டு. பெட்டியோடு வந்த அந்தப் பெரியவர் பிடித்த மார்ட்டன்கள் போனபின் அடுத்த வருஷம் அங்கே மார்ட்டன் இருந்தது. நான் ரிப்பன் கட்டிய பிளாக்கில் இல்லை. கொன்றவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மரம் வெட்டினால் பொறிக்காரருக்கு நஷ்டம் மட்டும்தானா? ஒரு லாபமும் இல்லையா? (சேலம்)

பதில்: இருக்கிறது. வெட்டி பதினைந்து, இருபது வருஷத்தில் புதர்போல இளங்காடு அடர்ந்துவிடும். பனிமுயல் பெருகும், அதைத் தேடி லின்க்ஸ் பூனை வரும். ஆஸ்பென் என்ற அகன்ற இலை மரம் துளிர்த்தால் பீவருக்குக் கொண்டாட்டம். ஆனால் மர நிறுவனத்துக்கு ஆஸ்பென் வேண்டாம், ஊசியிலைக் கன்றுதான் வேண்டும் என்பதால் ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளிப்பதும் உண்டு. கியூபெக்கில் அரசுக் காடுகளில் 2001-இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். புதிய சாலையால் பொறிக்காரருக்குப் பயணம் சுலபம். பொறி திருடுகிறவனுக்கும் சுலபம்.

அப்புறம் கல்வெர்ட் விவகாரம். நம் ஊரில் கல்வெட்டுப் பாலம் என்போமே, சாலைக்கு அடியில் ஓடை போகும் குழாய். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவருக்கு அதை அடைத்தே ஆக வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பும் சேறும் வைத்துக் குழாயை அடைக்கும், ஓடை சாலைமேல் ஏறும், லாரி நின்றுபோகும். அப்போது நிறுவனம் யாரைக் கூப்பிடும்? அந்தத் தடத்துப் பொறிக்காரரைத்தான், கூலி பேசி.

பெட்டி நசுங்கிய அந்தப் பெரியவரையும் இரண்டு வருஷம் கழித்து அதே நிறுவனம் கூப்பிட்டது. போனார். மூன்று பீவர் பிடித்தார், குழாயைச் சுத்தம் செய்து கொடுத்தார். அவர் அனுப்பிய பில் என் மேசை வழியாகத்தான் கணக்குப் பிரிவுக்குப் போனது. பீவர் மூன்று, இத்தனை டாலர். பயணம், இத்தனை டாலர். அதற்குக் கீழே மூன்றாவது வரியில்: ஒட்டுப்பலகைப் பெட்டி, பழையது, ஒன்பது.

நான் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.